இந்தக் கருவி எதற்கு?

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். வழி நெடுகிலும் தொழிற்சாலைகள், பட்டறைகள், கிடங்குகள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பிகளாக உருட்டும் ஆலைகள் அங்கே உள்ளன.

இத்தகைய ஊரில் காயலான் கடைகளுக்குப் பஞ்சம் இராது. அப்படி ஒரு கடைக்கு நீங்கள் போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதான மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் தொழிலை விட்டுவிட்டார். அவருடைய கருவிப் பெட்டி எடைக்கு வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்கள். ஸ்பானர், குறடு, திருப்புளி, சுத்தியல், அரம் எல்லாம் தெரிந்த சாமான்கள்தாம். அவற்றுக்கு அடியில் ஒரு பொருள் கிடக்கிறது. அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. எந்தக் கம்பெனியின் பெயரும் அதில் தெளிவாக இல்லை. யாரோ தம் கையாலேயே செய்துகொண்ட கருவி என்பது மட்டும் பார்த்தவுடன் விளங்குகிறது.

இன்னும் சில நாட்களில் அது உலைக்குப் போய்விடும். பிறகு ஏதோ ஒரு வீட்டின் தூணுக்குள் கம்பியாக நிற்கும். அதற்குள் அது என்னவென்று நம்மால் கண்டுபிடிக்க முடியுமா? முயன்று பார்ப்போம்.

ஊகிக்கும் முன் உற்றுப் பாருங்கள்

தெரியாத பொருள் ஒன்று கையில் கிடைத்தால், நம் மனம் உடனே ஒரு பெயரைச் சூட்டத் துடிக்கும். அந்த அவசரத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் கண்ணில் படுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அதன் கீழ்ப்பகுதி வட்டமானது. வெளிப்புறம் புரி வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஸ்பானர் பிடிப்பதற்கேற்ற ஆறு பட்டைகள். பட்டைகளுக்கு மேல் ஒரு நட் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். அந்த நட்டின் வழியாக 8 மில்லிமீட்டர் பருமனுள்ள நீண்ட போல்ட் ஒன்று உள்ளே இறங்கி, கீழ்ப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட்டின் நுனியில் பித்தளைத் துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டு, உருண்டையாக அராவப்பட்டிருக்கிறது. மேலே போல்ட்டில் இன்னொரு நட். அதை இறுக்கினால் போல்ட் அசையாமல் நின்றுவிடுகிறது. ஆறு பட்டைகளுள் ஒன்றில் ஊசி நுழையுமளவுக்கு ஒரு சிறு துளை.

இனித் தேய்மானத்தைப் பாருங்கள். தேய்மானம் என்பது கருவி தானே எழுதிவைத்த நாட்குறிப்பு. போல்ட்டின் பெரும்பகுதி துருப்பிடித்திருக்கிறது. பூட்டு நட் நிற்கும் இடம் மட்டும் பளபளக்கிறது. அதாவது, போல்ட்டை எப்போதும் ஏறக்குறைய ஒரே நீளத்தில்தான் நிறுத்தி வந்திருக்கிறார்கள். பித்தளை நுனி சற்றே தட்டையாகியிருக்கிறது. அதன்மேல் கரி படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் கறுப்பாக ஒட்டுகிறது. கரி உள்ள ஓர் இடத்தை இந்த நுனி அடிக்கடி தொட்டிருக்க வேண்டும்.

புரிகளை எண்ணுவோம்

அடுத்தது அளவு. புரியின் வெளிவிட்டம் 14 மில்லிமீட்டர். இப்போது ஒரு வெள்ளைத்தாளின்மேல் கார்பன் தாளை வைத்து, புரியை அதன்மேல் அழுத்தி எடுங்கள். கோடுகள் விழும். அளவுகோலை வைத்து எண்ணினால் 10 மில்லிமீட்டரில் 8 புரிகள் இருக்கின்றன. ஆகவே ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.25 மில்லிமீட்டர்.

இது முக்கியமான தடயம். கடையில் வாங்கும் சாதாரண 14 மில்லிமீட்டர் போல்ட்டில் புரி இடைவெளி 2 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டரில் 5 புரிகள்தாம் இருக்கும். 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் இடைவெளி என்ற சேர்க்கை மோட்டார் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. அது ஸ்பார்க் பிளக்கின் புரி! இப்போதைய சிறிய வண்டிகளில் 10, 12 மில்லிமீட்டர் பிளக்குகளும் வருகின்றன. ஆனால் நெடுங்காலமாக உலகில் அதிகம் புழங்கி வந்தது 14 மில்லிமீட்டர் பிளக்தான். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ஆயினும் அதன் பிளக் துளை மட்டும் மில்லிமீட்டர் கணக்குதான்.

எனவே நம் கையில் இருப்பது ஒரு பழைய பிளக்கின் இரும்புக் கூடு. பிளக்கின் மேல்விளிம்பை ஆக்சா பிளேடால் அறுத்து, உள்ளேயிருந்த பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போல்ட்டைப் பொருத்தியிருக்கிறார்கள்.

எண்ணிப் பார்ப்பதன் வலிமைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கிரேக்க நாட்டின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து 1901ஆம் ஆண்டில் வெண்கலக் கட்டி ஒன்றை எடுத்தார்கள். அது என்னவென்று நெடுங்காலம் எவருக்கும் தெளிவாகவில்லை. பின்னர் எக்ஸ் கதிர்ப் படங்களின் உதவியால் அதனுள் இருந்த பற்சக்கரங்களின் பற்களை எண்ணினார்கள். ஒரு சக்கரத்தில் 223 பற்கள். கிரகணங்கள் ஏறக்குறைய 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்ப வருகின்றன என்பது பழங்கால வானியலாருக்குத் தெரியும். ஆகவே அந்தக் கருவி வானியல் கணக்குப் பொறி என்பது உறுதியாயிற்று. நாம் 8 புரிகளை எண்ணிப் பிளக்கைக் கண்டுகொண்டதும் அதே வழியில்தான்.

மூன்று யோசனைகள்

பிளக் துளையில் பொருந்தும் கருவி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எதற்கு? மூன்று யோசனைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தடயங்களோடு மோதவிட்டுப் பார்ப்போம்.

முதல் யோசனை: இது ஒரு புல்லர். தண்டில் இறுகிய சக்கரத்தைக் கழற்றப் பயன்படும் புல்லரிலும் புரியுள்ள கூடும் நடுவில் போல்ட்டும் இருக்கும். ஆனால் புல்லரின் போல்ட் வேலை நடக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் போல்ட்டை அசையாமல் நிறுத்தப் பூட்டு நட் இருக்கிறது. மேலும், புல்லரின் நுனி கடினமான எஃகாக இருக்க வேண்டும். மெத்தென்ற பித்தளை அங்கே நசுங்கிப்போகும். எனவே இந்த யோசனை நிற்காது.

இரண்டாவது யோசனை: எஞ்சினுக்குள் உள்ள காற்றழுத்தத்தை அளக்கும் கருவியின் பகுதி. அப்படியானால் காற்று மீட்டருக்குப் போக நடுவில் வழி இருக்க வேண்டும். இங்கே நடுவில் போல்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியே காற்று வெளியேறிவிடும். இதுவும் நிற்காது.

மூன்றாவது யோசனை: எஞ்சினுக்குள் எதையோ தொடுவதற்கு, அல்லது தடுப்பதற்கு. பிளக் துளைக்கு நேர் உள்ளே இருப்பது எது? பிஸ்டன்! பிஸ்டனின் தலையில் கரி படிந்திருக்கும். நுனியில் உள்ள கரிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. கூரான எஃகு பட்டால் கீறிவிடும். பித்தளையை உருண்டையாக அராவியது அதனால்தான். பக்கத்துத் துளை எதற்கு? பிஸ்டன் மேலே வரும்போது அதன்மேல் உள்ள காற்று வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் அழுந்திய காற்று மெத்தைபோல் எதிர்த்து நிற்கும். பிஸ்டன் போல்ட்டில் முட்டி நின்றதா, காற்றில் முட்டி நின்றதா என்பது கைக்குத் தெரியாது.

எல்லாத் தடயங்களும் ஒன்றுசேர்ந்துவிட்டன. இது பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கட்டை. ஆனால் ஓடுவதற்காகவே உள்ள பிஸ்டனை ஏன் தடுத்து நிறுத்த வேண்டும்? இங்கேதான் சுவையான கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை அறிய எஞ்சினுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

புல்லட்டின் உள்ளே

எடுத்துக்காட்டாக நம் வட்டாரத்து வண்டியையே பார்ப்போம். சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் சேர்ந்து 1955ஆம் ஆண்டில் என்பீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை இங்கே சேர்த்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்து நிறுவனம் 1970ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் புல்லட் திருவொற்றியூரில் பிறந்துகொண்டே இருந்தது.

பழைய 350 புல்லட்டின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பிஸ்டன் மேலும் கீழுமாக 90 மில்லிமீட்டர் தூரம் ஓடும். உருளையின் கனஅளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே! சென்டிமீட்டரில் போட்டுப் பாருங்கள்: 22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5. புல்லட் 346 சி.சி. வண்டி என்று சொல்வதன் பொருள் இதுதான்.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது வணரித் தண்டு. மெக்கானிக்குகள் இதைக் கிராங்க் என்பார்கள். பிஸ்டன் ஏறக்கூடிய மிக உயரமான இடத்தை நாம் உச்சநிலை என்று அழைப்போம். பட்டறையில் ‘டாப்’ என்று சொல்லுவார்கள்.

பிஸ்டன் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அழுத்திக்கொண்டு மேலே வருகிறது. பிளக்கில் தீப்பொறி எழ, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அப்படியானால் தீப்பொறி எப்போது எழ வேண்டும்? சரியாக உச்சநிலையில் என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது? இல்லை, உச்சநிலைக்குச் சற்று முன்னதாகவே எழ வேண்டும். ஏனெனில் கலவை முழுதும் தீப்பற்றச் சிறிது நேரம் தேவை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால் வினாடிக்கு 50 சுற்று. அந்த வேகத்தில் கிராங்க் 30 பாகை திரும்ப ஒரு வினாடியின் 600இல் ஒரு பங்கு நேரமே ஆகும். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் தீ பரவி, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய வேளையில் அழுத்தம் முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

தீப்பொறி தாமதமானால் எஞ்சின் சூடேறும்; இழுவை குறையும்; பெட்ரோல் வீணாகும். தீப்பொறி மிகவும் முந்தினால் அதைவிடக் கெடுதல். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைப் பின்னோக்கித் தள்ளும். உதைத்து ஸ்டார்ட் செய்கிறவரின் காலைக் கிக்கர் திருப்பி உதைக்கும். பழைய புல்லட் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த எதிர் உதையை நன்றாக அறிந்திருப்பார்கள். கணுக்காலும் முழங்காலும் அடிபட அது ஒன்றே போதும். ஆகவே உச்சநிலை எது என்று சரியாகத் தெரிந்துகொள்வது வண்டியின் நலனுக்கு மட்டுமன்று, ஓட்டுகிறவரின் காலுக்கும் முக்கியம்.

உச்சியில் ஒரு சிக்கல்

உச்சநிலையைக் காண்பது எளிதுதானே, பிளக்கைக் கழற்றிவிட்டுத் துளையில் ஒரு குச்சியை விட்டு, குச்சி எப்போது மிக உயரத்துக்கு வருகிறது என்று பார்த்தால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அது வேகமாகப் போகும். உச்சிக்கு வரவர வேகம் குறைந்து, ஒரு கணம் நிற்பதுபோல் தயங்கிப் பின் திரும்பும். பிஸ்டனும் அப்படியே. கிராங்கின் ஆரம் ஓட்டத் தூரத்தில் பாதி, அதாவது 45 மில்லிமீட்டர். கிராங்க் உச்சியிலிருந்து θ பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறத்தாழ 45 × (1 − கொசைன் θ) மில்லிமீட்டர் இறங்கும். பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கும் இணைப்புத் தண்டு சாய்வதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். இணைப்புத் தண்டின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல் 4 மடங்கு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் கிடைப்பவை இவை:

உச்சியிலிருந்து 1 பாகை திரும்பினால் பிஸ்டன் இறங்குவது 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவு. 5 பாகை திரும்பினால் சுமார் 0.2 மில்லிமீட்டர். ஆனால் கிராங்க் 85 பாகையிலிருந்து 95 பாகைவரை திரும்பும் 10 பாகையில் பிஸ்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஓடிவிடுகிறது!

உச்சியின் அருகே பிஸ்டன் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? குச்சியை வைத்துப் பார்க்கிறவருக்கு இந்தப் பக்கம் 5 பாகை, அந்தப் பக்கம் 5 பாகை எல்லாமே உச்சியாகத்தான் தோன்றும். அந்த 5 பாகைப் பிழையே தீப்பொறியின் நேரத்தைக் கெடுத்துவிடும். நமக்கு வேண்டிய இடமோ அளப்பதற்கு மிக மோசமான இடமாக இருக்கிறது.

தடுத்து நிறுத்தி அறிதல்

நம் கட்டை இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது? அது உச்சியைத் தேடுவதே இல்லை. பிஸ்டனை உச்சிக்குப் போகவிடாமல் வழியிலேயே தடுத்துவிடுகிறது!

முதலில் கிராங்கின் முனையில் 360 பாகைகள் குறித்த ஒரு வட்டத் தகட்டைப் பொருத்த வேண்டும். எஞ்சினின் உடலில் ஒரு கம்பியை வளைத்துக் கட்டி, அதன் நுனி தகட்டைச் சுட்டும்படி வைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, பிளக் துளையில் நம் கட்டையை முடுக்க வேண்டும். இப்போது கிராங்கைக் கையால் மெதுவாக முன்னோக்கித் திருப்பினால் பிஸ்டன் ஏறிவந்து பித்தளை நுனியில் முட்டி நிற்கும். கம்பி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 325 என்று வைத்துக்கொள்வோம். பிறகு கிராங்கைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். பிஸ்டன் இறங்கி, மறுபுறமாக ஏறி, மறுபடியும் அதே நுனியில் முட்டி நிற்கும். இப்போது கம்பி 25 என்று காட்டுகிறது.

325இலிருந்து 360ஐக் கடந்து 25 வரை மொத்தம் 60 பாகை. பிஸ்டன் இரண்டு முறையும் ஒரே உயரத்தில்தான் தடுக்கப்பட்டது. உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிஸ்டனின் ஓட்டம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்திருக்கிறது. ஆகவே உச்சி சரியாக நடுவில் இருக்க வேண்டும். 325 + 30 = 355. தகட்டின் சுழி 5 பாகை தவறாக நின்றிருக்கிறது! தகட்டை மட்டும் 5 பாகை திருப்பி வைத்தால் அளவீடுகள் 330, 30 என்று ஆகிவிடும். சுழி உச்சியைக் காட்டும். பிறகு கட்டையைக் கழற்றிவிட்டு, தீப்பொறி எத்தனை பாகை முன்னதாக எழ வேண்டுமோ அத்தனை பாகையில் அமைத்துக்கொள்ளலாம்.

உச்சியிலிருந்து 30 பாகை தள்ளிய இடத்தில் கிராங்க் 1 பாகை திரும்பினால் பிஸ்டன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகரும். உச்சியை ஒட்டிய முதல் பாகையில் நகர்வதைப்போல் இது 50 மடங்குக்கும் மேல். எனவே பிஸ்டன் முட்டும் இடம் ‘டக்’ என்று கைக்குத் தெளிவாகத் தெரியும். நகராத இடத்தை விட்டுவிட்டு, நன்றாக நகரும் இரண்டு இடங்களை அளந்து, நடுவைக் கண்டுபிடிப்பதே இதன் தந்திரம்.

கோயில் கட்டியவர்களின் முளை

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதன்று. கோயில் கட்டுமுன் நம் சிற்பிகள் திசையைக் குறித்த முறையை நினைத்துப் பாருங்கள். சமதளமான தரையில் சங்கு எனப்படும் முளையை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைவார்கள். காலையில் முளையின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி; மாலையில் மறுபடியும் வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும். அதை இரு சமபாகமாக்கிச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அதுவே வடக்கு தெற்கு. காத்தியாயனரின் சுல்ப சூத்திரத்திலும், மயமதம் போன்ற சிற்ப நூல்களிலும் இந்த முறை உண்டு.

நண்பகலில் நிழல் மிகச் சிறிதாகும் கணத்தைப் பார்த்து நேரடியாகவே வடக்கைக் குறித்திருக்கலாமே? குறிக்க முடியாது. நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. மிகச் சிறிய நிழல் எது என்று கண்ணால் சொல்வது கடினம். காலையிலும் மாலையிலும் நிழல் விரைவாக மாறுவதால் அது வட்டத்தைத் தொடும் இடம் தெளிவாகத் தெரியும். சிற்பிக்கு வட்டம், மெக்கானிக்குக் கட்டை. இருவரும் கணக்கை ஒரே வழியில்தான் தீர்த்திருக்கிறார்கள்.

கரடுமுரடான கருவி, நுட்பமான விடை

இனி ஒரு கேள்வி. பழைய பிளக்கையும் போல்ட்டையும் ஒட்டவைத்துச் செய்த கருவியை நம்பலாமா? அதன் போல்ட் எத்தனை மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று செய்தவரே அளந்திருக்க மாட்டாரே?

நம்பலாம். அளவே தேவையில்லை என்பதுதான் இந்தக் கருவியின் சிறப்பு. போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறக்கினால் என்ன ஆகும்? பிஸ்டன் இரண்டு பக்கமும் முன்னதாகவே நிற்கும். அளவீடுகள் 325, 25 என்பதற்குப் பதிலாக 320, 30 என்று வரும். நடு அதே 355! போல்ட் சற்றுக் கோணலாக இருந்தாலும், புல்லட்டில் உள்ளதுபோல் பிளக் துளை சாய்வாக இருந்தாலும் நட்டமில்லை. இரண்டு முறையும் அதே இடத்தில் முட்டினால் போதும். வேலை நடக்கும்போது போல்ட் அசையக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. பூட்டு நட் எதற்கு என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். சில எஞ்சின்களில் பிஸ்டனின் ஊசி நடுவிலிருந்து மிகச் சிறிது விலகியிருக்கும். அவற்றில் நடுவும் மிகச் சிறிது விலகும். மற்றபடி இந்த முறை உலகெங்கும் எஞ்சின் வல்லுநர்கள் கையாளும் முறைதான். வெளிநாடுகளில் பளபளப்பான பெட்டியில் வைத்து விற்கப்படும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது வரும் வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. ஆனால் உச்சி எங்கே என்பது அதற்கும் தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கிராங்கோடு சுழலும் பற்சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் பல் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடந்துபோவதை உணர்வான் ஒன்று கவனித்து, உச்சியைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டை உள்ளே இருக்கும்போது கிக்கரை உதைக்கவோ ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தவோ கூடாது. பிஸ்டன் ஓட்டையாகிவிடும். சில எஞ்சின்களில் போல்ட்டின் நுனி வால்வில் இடிக்கலாம், வால்வு வளைந்துவிடும். தொழில் தெரிந்தவர் அருகில் இல்லாமல் இதை எந்த வண்டியிலும் முயலாதீர்கள்.

செய்து பாருங்கள்

முளை முறையை மட்டும் பள்ளி மைதானத்தில் தாராளமாகச் செய்து பார்க்கலாம். நிழல் நீளமாக விழும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. சமதளத்தில் ஒரு நேரான குச்சியை நட்டு, குச்சியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் ஒரு வட்டமும், இரண்டு மடங்கு ஆரத்தில் இன்னொரு வட்டமும் வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் காலைப்புள்ளியும் மாலைப்புள்ளியும் குறித்து நடுவைக் காணுங்கள். இரண்டு வட்டங்களும் ஒரே வடக்கைக் காட்டுகின்றனவா? வட்டத்தின் அளவு எதுவானாலும் விடை மாறாது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் முடிவு சரிதானா என்று சோதிக்க மிகச் சிறந்த வழி, அந்தக் கருவியைச் செய்தவரையே கேட்பது. உங்கள் ஊரிலும் பழைய வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருப்பார். வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்துப் போய், “அண்ணே, இது எதுக்குண்ணே?” என்று கேளுங்கள். “டாப் பாக்கறதுக்குத் தம்பி” என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அத்தோடு விட்டுவிடாதீர்கள், எப்படிப் பார்ப்பது என்று கேளுங்கள். யாரிடம் கற்றார், எதை வைத்துச் செய்தார் என்றும் கேளுங்கள். கருவியின் படத்தை வரைந்து, அளவுகளையும் அவர் அதற்கு வைத்திருக்கும் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனிக் கருவிகளுக்குக் கையேடு இருக்கிறது. பட்டறையில் பிறந்த இத்தகைய கருவிகளுக்கு அவற்றைச் செய்தவரின் நினைவுதான் கையேடு. அவர் தொழிலை விட்டபின் பெட்டி எடைக்குப் போனால், இரும்பு மட்டும் வேறு உருவில் திரும்பி வரும். அதில் இருந்த அறிவு திரும்பி வராது. உங்கள் நோட்டுப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் அதைக் காப்பாற்றிவிடலாம்.